போர்வை மேல் விழும் பந்து

அத்தியாயம் 9

மார்ச் 7, வெள்ளி.

இன்றைய தவறு: கோல்ஃப் பயிற்சித் திடலின் பந்து ஒன்று என் பேன்ட் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சிவப்புக் கோடு போட்ட பந்து. இதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். திருட்டு இல்லை, மறதிதான். ஆனாலும் அந்தப் பலகையைத் தினமும் நின்று படிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதி வைக்கிறேன். நாளை காலை திருப்பிக் கொடுக்க வேண்டும். பிட்ச் ஷாட் இன்றும் வரவில்லை. சரியாகச் செய்கிறேன் என்று நினைக்கும்போதுதான் அதிகம் தப்பாகிறது.

கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படித்து, அடித்துவிடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டான் லென்ஸ்காரன்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவன் வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அதனால் எதையும் அளந்து, குறித்து, மறுபடி அளந்தே பழகியவன். அப்படிப்பட்டவன் அளக்காமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று. அதுதான் இந்த வீட்டை இப்படி ஆக்கிவிட்டது.

ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனது. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவள் வந்து பார்த்தால் தாங்கமாட்டாள் என்று சின்ன அறையை இவனே ஒழித்துவிட்டான். மரத் தொட்டில், மடித்து வைத்திருந்த குட்டித் துணிகள், சுவரில் அவள் கத்தரித்து ஒட்டிய காகித மீன்கள், எல்லாம் போயின. தொட்டிலை அக்காவிடம் கொடுத்து, "யாருக்காவது குடுத்துடு" என்றான். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தான்.

அவள் வந்தாள். அறைக் கதவைத் திறந்தாள். வெறும் சுவரைப் பார்த்தாள். மறுநாள் அப்பா வீட்டுக்குப் போனவள்தான், இரண்டு மாதம் ஆயிற்று. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் சமாதானம் பேசலாம். சண்டையே போடாமல் போனவளிடம் எந்த நுனியைப் பிடித்துப் பேசுவது?

சரி, மாமனாரிடம் பேசலாம் என்றால், வீட்டில் அவர் வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் மைதானத்தில் இறங்கிவிட்டால் மனிதர் மடை திறந்த மாதிரி பேசுவார் என்று எப்போதோ அவள் சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் மாலை வகுப்பில் சேர்ந்தான். போன வாரம் மாமனாரே போன் செய்து, "கூட ஆடறவருக்கு முட்டி ஆபரேஷன். ஞாயித்துக்கிழமை ஒரு ஆள் குறையுது. நீங்க ஏதோ கத்துக்கறீங்களாமே, மாப்பிள்ளை" என்று இழுத்தார். "ஆடுவேன், மாமா" என்று இவனுடைய வாய் இவனைக் கேட்காமல் முந்திக்கொண்டது.

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை.

*

சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்பு காலையில் நடக்கும். உயரமான வலைக்கு உள்ளே ரப்பர் பாய்கள் வரிசையாகக் கிடந்தன. புல்லில் இன்னும் ஈரம் இருந்தது.

பயிற்சியாளரை வகுப்பில் எல்லோரும் 'விசில்' என்பார்கள், அவள் காதில் விழாதபடி. இவனைவிட இளையவள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை ஊதி யாரும் கேட்டதில்லை. அந்தக் குரலுக்கு விசில் தேவையும் இல்லை.

லென்ஸ்காரன் நேராக அவளிடம் போய் நின்றான். "மேடம், நேத்து ஒரு பந்து தவறுதலா என்கூட வந்துடுச்சு. கொடுத்துடலாம்னு..." என்றபடி பையில் கையை விட்டான். கைக்குட்டை வந்தது. சாவி வந்தது. இன்னொரு பையிலிருந்து இன்னொரு கைக்குட்டை வந்தது.

"நேத்து போட்ட பேன்ட்டுல இருக்கு" என்றான்.

"சார், வருஷத்துக்கு மூட்டை மூட்டையா பந்து காணாமப் போகுது. இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்ல. சொல்ல வந்த ஒரே ஆளு நீங்க. நீங்களும் பந்தை விட்டுட்டு வந்திருக்கீங்க."

பக்கத்துப் பாயில் நின்ற பேக்கரிக்காரர் மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

அவனுடைய பிரச்சினை தூர அடி அல்ல. அது ஏதோ சுமாராக வந்துவிட்டது. குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிய புல்வட்டம் இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றபின்தான் கஷ்டம். நடுவில் ஒரு மணல் பள்ளம். பந்து அதன் தலைக்கு மேல் எழும்பிப் போய், அந்தப் பக்கம் பூப்போல இறங்கி, ஓடாமல் நிற்க வேண்டும். அதுதான் பிட்ச் ஷாட். மாமனார் ஆடும் மைதானத்தில் குழிக்குக் குழி இப்படி ஒரு மணல் பள்ளம் காத்திருக்கிறதாம்.

அடித்தான். பந்து தரையைத் தேய்த்துக்கொண்டு ஓடி மணலில் புதைந்தது. மறுபடி அடித்தான். மட்டை புல்லைத் தோண்டியது, பந்து ஒரு முழம் நகர்ந்தது. மூன்றாவதும் மணலுக்கே போயிற்று.

"சார் மணல் வியாபாரத்துல இறங்கிட்டாரு" என்றார் பேக்கரிக்காரர்.

"உங்க பந்து எங்க போச்சுன்னு முதல்ல தேடுங்க" என்று அவரை அடக்கிவிட்டு, விசில் இவன் மட்டையை வாங்கி முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதைப் பாருங்க. ஏற்கெனவே சாஞ்சிருக்கு, இல்ல? பந்தைத் தூக்கறது இந்தச் சாய்வோட வேலை. அடிக்கறது உங்க வேலை. நீங்க என்ன பண்றீங்க? மணிக்கட்டைத் திருப்பி, முதுகை நிமிர்த்தி, கீழ இருந்து அள்ளித் தூக்கி விடறீங்க. பந்துக்கு உதவி பண்ணாதீங்க, சார். அது உங்களைக் கேக்கல."

அவனுக்குச் சுருக்கென்றது. அவள் பாவம், பந்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"எடை முன்னங்கால்ல இருக்கட்டும். கை, பந்தைவிடக் கொஞ்சம் முன்னாடி. பின்னாடி இடுப்பு வரைக்கும் போங்க, முன்னாடியும் இடுப்பு வரைக்கும் வாங்க. நடுவுல பிரேக் போடாதீங்க. பந்தைத் தொட்டதும் பயந்து நிக்கறீங்க பாருங்க, அதுதான் மணல்ல விழுது. பந்துக்கு அப்புறம் இருக்கற புல்லையும் மட்டை தடவிட்டுப் போகணும்."

"சரி, மேடம்."

"எல்லாத்துக்கும் மேல, தலையைத் தூக்காதீங்க. பந்து போனப்புறமும் பந்து இருந்த இடத்தையே பாருங்க."

"எங்க விழுதுன்னு பாக்க வேண்டாமா?"

"விழுந்தா சத்தம் கேக்கும்."

பார்க்காமல் எதையும் நம்பாத தொழில் அவனுடையது. பார்க்காதே என்றால் கழுத்து எப்படிக் கேட்கும்? கூடை காலியாகும்வரை அடித்தான். ஒவ்வொரு முறையும் மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்பே தலை எழுந்துவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் மணலைத் தாண்டி அழகாக இறங்கி நின்றது. அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

*

மதியம், ஞாயிற்றுக்கிழமைக்கான சட்டையோடு அக்கா கடைக்குப் போனான். அக்கா சலவைக் கடை நடத்துகிறாள். நான்கு துவைக்கும் இயந்திரங்களும் இரண்டு இஸ்திரி மேசைகளும் நீராவியும் அக்காவின் வாயுமாகக் கடை எப்போதும் சூடாக இருக்கும்.

"என்னடா, மூஞ்சி பிழிஞ்ச துணி மாதிரி இருக்கு?"

"நாளைக்கு மாமாகூட ஆடணும்."

"அவரு உன்னைத் தூக்கியா அடிக்கப் போறாரு? பந்தைத்தானே அடிக்கணும்?" சட்டையை வாங்கிக் காலரைத் தடவினாள். "எங்க பழகறே? ராத்திரி பகலா அந்த வீட்டுல தொம்மு தொம்முனு சத்தம் வருதாம். உங்க கீழ்வீட்டுக்காரம்மா துணி போட வந்து சொன்னாங்க."

"சின்ன ரூம்ல. போர்வையை மடிச்சுப் போட்டு அது மேல அடிக்கறேன். சத்தம் வராதுன்னு நினைச்சேன்."

"மொட்டை மாடி இருக்குல்ல?"

"காத்தடிக்குது" என்றான்.

பொய். காற்று ஒன்றும் அடிக்கவில்லை. பந்து தெறித்துக் கூடத்துக் கண்ணாடியை உடைத்துவிடக் கூடாது என்று முதல் நாள் அந்த அறைக் கதவை மூடியபோது, கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு காகித மீன் இருந்தது. நீல மீன். கதவு திறந்திருந்தால் அது மறைந்துபோகும். ஒழித்த அன்று கதவு திறந்தே கிடந்ததால் கைக்குத் தப்பிவிட்டது. அன்றிலிருந்து வேறு எங்கும் பழக அவனுக்கு மனம் வரவில்லை. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு கடையின் பின்பக்கம் போய், அடுக்கியிருந்த படுக்கை விரிப்புகளை ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

தொட்டில்.

அவன் ஓர் எட்டு முன்னால் வந்தான். "குடுத்துடச் சொன்னேனே."

"நீ குடுத்துடுன்னா நான் குடுத்துடுவேனா? ரெண்டு நாள் கழிச்சு நீயே வந்து கேப்பேன்னு வெச்சிருந்தேன். நீ கேக்கல. அவளும் கேக்கல. உனக்குக் கண்ணு வேலை, அவளுக்குக் காது வேலை. வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் கிடையாது."

அவள் சொன்னது உண்மைதான். மனைவி காது பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்கார வைத்து, வெளியே இருந்துகொண்டு, அவருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கண்டுபிடிக்கிற வேலை.

அவன் அதற்குள் தொட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டான். "ஒரு கை பிடி, அக்கா. வண்டி பிடிச்சுக் கொண்டுபோயிடறேன். அவ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பழையபடி..."

"கையை எடு."

"என்னக்கா?"

"தூக்கினப்பவும் அவளைக் கேக்கல. இப்ப வைக்கறப்பவும் கேக்க மாட்டியா?"

அவன் கையை எடுத்தான். அக்கா விரிப்புகளை மறுபடி இழுத்து மூடினாள். "சட்டை சாயந்திரம் வரும். போ."

*

வெயில் இறங்கி, சின்ன அறையின் ஜன்னலில் மஞ்சள் படிந்திருந்தது. கதவை மூடினான். மீன் தெரிந்தது.

கால்மிதியின் ஒரு துண்டைப் போட்டு, அதன் மேல் சிவப்புக் கோட்டுப் பந்தை வைத்தான். எதிர்ச்சுவர் ஓரம் போர்வை, நான்காக மடித்தது. அவளுடைய தடித்த போர்வை. வீட்டில் இருப்பதிலேயே மெத்தென்று இருந்தது அதுதான். அறையின் நீளத்துக்கு முழு வீச்சு வீச முடியாது, முழங்கால் அளவுதான். ஆனாலும் முறை ஒன்றுதானே. எடை முன்னங்காலில். கை கொஞ்சம் முன்னால்.

அடித்தான். தலை எழுந்தது. பந்து போர்வைக்கு முன்னால் தரையில் டக்கென்று பட்டு உருண்டது.

எடுத்து வந்து வைத்து, மறுபடி அடித்தான். மறுபடியும் டக்.

இன்னொன்று.

"அது தரையில பட்டு உருண்டுடுச்சு."

குரல் கதவுக்கு வெளியே இருந்து வந்தது.

மட்டை கையில் அப்படியே நின்றது. அவளிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள், தெரியாது. இரண்டே எட்டில் கதவைத் திறந்துவிடலாம். கால் நகர்ந்தும் விட்டது.

"திறக்க வேண்டாம்" என்றாள். "திறந்தா நான் உள்ள பாக்கணும்."

நின்றுவிட்டான்.

"என்ன பண்றீங்க அங்க?"

"பந்து... பிட்ச் ஷாட். நாளைக்கு மாமாகூட ஆடணும்ல, அதுக்குப் பழகறேன்."

"அந்த ரூம்லயா?"

"காலியா இருக்கேன்னு" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய் விழுந்தது என்று உறைத்தது.

வெளியே சத்தமே இல்லை. போய்விட்டாளா? அழுகிறாளா? மன்னிச்சுடு, தெரியாமல் சொல்லிவிட்டேன், அப்படி நினைக்கவில்லை, தொட்டில்கூட இருக்கிறது, இப்போதே கொண்டுவந்துவிடுகிறேன், எல்லாம் தொண்டைவரை முண்டியடித்துக்கொண்டு வந்தன. கதவின் கைப்பிடியைப் பார்த்தான். பந்துக்கு உதவி பண்ணாதீங்க சார், அது உங்களைக் கேக்கல.

கண்ணைத் தாழ்த்திக் கால்மிதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

ரொம்ப நேரம் கழித்து அவள் குரல் வந்தது. "கதவை மூடினா அந்தப் பக்கம் ஒரு மீன் தெரியும்."

"ஆமா."

"அது...?"

"இருக்கு. நீல மீன்."

கதவில் ஏதோ சாய்கிற சத்தம் கேட்டது. முதுகாக இருக்கலாம், நெற்றியாக இருக்கலாம். மெல்ல வழுக்கித் தரைக்கு இறங்கியது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அவனும் உட்கார நினைத்தான். மட்டை கையில் இருந்ததால் எப்படி என்று தெரியவில்லை. நின்றபடியே இருந்தான். கதவின் கனம்தான் இடையில். ஓர் எட்டு வைத்துக் குனிந்தால் அவள் தலை இருக்கும் உயரத்தில் மரத்தைத் தொடலாம். தொடவில்லை.

"இன்னொண்ணு அடிங்க" என்றாள்.

அடித்தான்.

"நடுவுல நிறுத்தறீங்க. காத்துல மட்டை வர்ற சத்தம் கேக்குது, பந்து பட்டதும் அந்தச் சத்தம் பொட்டுனு நிக்குது."

"மேடமும் அதான் சொல்றாங்க."

"யாரு மேடம்?"

"சொல்லிக் குடுக்கறவங்க. விசில்னு சொல்வோம்."

"ஓ." அந்த ஒற்றை எழுத்தில் பழைய அவள் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். "அடிங்க."

அடித்தான். டக். அடித்தான். டக். அவள் சலிக்கவில்லை. வேலையில் இருப்பதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்: "இல்ல." "இது பரவாயில்ல, ஆனா தரைதான்." "மூச்சைப் பிடிக்கறீங்க. எனக்கே கேக்குது."

மூச்சை விட்டான். பந்து இருக்கும் இடத்தைப் பார்த்தான். பின்னால் முழங்கால்வரை, முன்னால் முழங்கால்வரை. பந்து போயிற்று. போன இடத்தில் கால்மிதியின் நார் ஒன்று நிமிர்ந்து ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அறை முழுக்க அமைதி. எவ்வளவு நேரம் ஒரு பந்து காற்றில் இருக்கும்?

தொப்.

மெத்தென்ற, மூழ்கிப்போகிற சத்தம். உருளவில்லை.

அவன் தலையைத் தூக்கவில்லை. வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"எது மேல விழுந்துச்சு?" என்றாள் கடைசியில். "மெத்தையா?"

"உன் போர்வை."

"என் போர்வையா? அதை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். ராத்திரி குளிருது." சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். "வீடு பூரா தேடிட்டேன்."

"இப்பவே உதறித் தர்றேன், ஒரு நிமிஷம்..." என்றவன் குனியப் போய், பாதியில் நின்றான். "தரட்டுமா?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். அவள் யோசிப்பதும் கதவு வழியாகக் கேட்டது போல இருந்தது.

"தொட்டிலை யாருக்குக் குடுத்தீங்க?"

"குடுத்துடத்தான் சொன்னேன். அக்கா குடுக்கல. கடையில வெச்சிருக்கா. இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

"கொண்டு வந்துடாதீங்க."

"இல்ல."

"நான் சொல்றப்ப."

"நீ சொல்றப்ப" என்றான்.

துணி சரசரத்தது. எழுந்துவிட்டாள். "போர்வை இருக்கட்டும். நாளைக்கு ஆட்டம் முடியட்டும், அப்புறம் நானே வந்து எடுத்துக்கறேன்." இரண்டு எட்டு நடந்து நின்றாள். "அப்பா உங்களை வெச்சு நல்லா சிரிக்கப் போறாரு."

"தெரியும்."

"அவரும் போன வாரம் மணல்லதான் கிடந்தாராம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

செருப்பைப் போடும் சத்தம். வாசல் கதவு. படிகளில் இறங்கும் காலடி, கடைசிப் படிவரை. ஜன்னலுக்கு ஓடினால் தெருவில் அவள் முதுகாவது தெரியும். ஓடவில்லை. கேட்டுக்கொண்டே நின்றான், கேட்காமல் போகும்வரை.

பிறகுதான் தலையைத் தூக்கினான். சிவப்புக் கோட்டுப் பந்து போர்வையின் நடுவே, தான் விழுந்த குழியிலேயே உட்கார்ந்திருந்தது.

*

மார்ச் 8, சனி.

இன்றைய தவறு: 'காலியாக இருக்கிறது' என்றேன். பந்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒன்று சரியாக விழுந்தது. அதை நான் பார்க்கவில்லை, ஆனால் சாட்சி உண்டு.

ஆட்டம் முடிந்த பின் என்றால் நாளை மாலையா, வேறொரு நாளா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ.

நாளை செய்ய வேண்டியது: காலையில் மாமாவோடு ஆட்டம். மணல் பள்ளம் வந்தால் தலையைத் தூக்கக் கூடாது. அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் பேசக் கூடாது. போர்வையை அக்கா கடைக்குத் துவைக்கக் கொடுக்கக் கூடாது. உதறவும் கூடாது. கிடக்கிற இடத்திலேயே விட்டு, அறைக் கதவை மூடிவைக்க வேண்டும்.